வெளிச்சம் பிடித்து நின்றவன்

என் மகனின் முகம் முழுதாகத் தெரிகிற புதிய படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. ஒன்றரை வருடமாக வீட்டில் கேமரா இருந்தும் இல்லை. இது எனக்கு உறைத்த இடம் காவல் நிலையம். அங்கே காணாமல் போனவர்களுக்கான படிவத்தில் படம் ஒட்டுவதற்கு ஒரு சின்னக் கட்டம் இருந்தது. நான் நீட்டிய படத்தை ஏட்டு வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பாதி மூஞ்சிதான் கீது. மீதி எங்க?"

"இருட்டுல இருக்கு."

"ராத்திரி எடுத்ததா?"

"இல்ல. மத்தியானம் பன்னண்டு மணி. எண்ணூர் ரோட்டுல."

அவர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பையன் காணாமல் போனதில் இவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். "அடையாளம் எதுனா சொல்லுங்க" என்று பேனாவை எடுத்தார். என் மனைவி, "வலது புருவத்துல ஒரு தழும்பு, சின்ன வயசுல படியில விழுந்தது" என்றாள். படத்தில் இருட்டில் கிடந்தது அந்த வலது பாதிதான். ஏட்டு எழுதிக்கொண்டார். வேறு படம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பு ஹால்டிக்கெட்டுக்கு எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதில் அவனுக்கு மீசை இல்லை, கன்னம் உப்பியிருந்தது. அது மூன்று வருடத்துக்கு முந்தைய முகம்.

நண்பகலில் எடுத்த படத்தில் எப்படி இருட்டு வந்தது என்று அன்று ஏட்டிடம் என்னால் விளக்க முடியவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வீடு ராயபுரம் கல்மண்டபத்தில். மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பர்மா பஜாரில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா வாங்கினான். கூடவே ஒரு ஃபிளாஷ். அதைக் கேமராவின் தலையில் மாட்டாமல் தனியாக எடுத்துப் போய்த் தூரத்தில் வைத்து அடிப்பதற்கு இரண்டு சின்னப் பெட்டிகள் இருந்தன. ஒன்று கேமராவில் உட்காரும், மற்றது ஃபிளாஷின் அடியில். இவன் பட்டனை அழுத்தினால் அதிலிருந்து இதற்கு ஒயர் இல்லாமல் சேதி போகும், ஃபிளாஷ் அடிக்கும்.

எல்லோரும் சாயங்கால வெயிலில் படம் எடுப்பார்கள். இவன் உச்சி வெயிலில் எடுப்பான். "பன்னண்டு மணிக்கு எல்லார் மூஞ்சியும் ஒண்ணுதாம்ப்பா. கண்ணு தெரியாது, குழிதான் தெரியும்" என்பான். முதலில் கேமராவில் வெயிலைக் குறைத்துவிடுவான். லென்ஸின் கண்ணை நன்றாகச் சுருக்கி, படம் பிடிக்கிற நேரத்தையும் குறைத்தால், கொளுத்துகிற வானம் மழைக்கு முந்தின வானம் போலக் கருத்துப்போகும். கடல் ஈயம் மாதிரி ஆகிவிடும். அதில் நிற்கிற ஆளும் கருத்துப்போவார். அப்போது பக்கவாட்டில் இருந்து ஃபிளாஷ் அவர் முகத்தில் மட்டும் விழும். ஊர் முழுக்க இருட்டி அந்த ஒருவர் மேல் மட்டும் வெளிச்சம் மிச்சம் இருப்பது போல் இருக்கும். முதல் படத்தைப் பார்த்தபோது வெளியே வெயில் அடிக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம், ஆனால் நொடியில் இருநூறில் ஒரு பங்கோடு நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் கேமராவுக்குள் இருக்கிற திரை முழுதாகத் திறப்பதற்குள் மூட ஆரம்பித்துவிடும். ஃபிளாஷ் அடித்தாலும் படத்தின் ஒரு பகுதிக்கு அந்த வெளிச்சம் போய்ச் சேராது. நடுவில் கோடு போட்டது போல் ஒரு பக்கம் முகம், ஒரு பக்கம் இருட்டு. "இருநூறு, நைனா. அதுக்கு மேல போனா கோடு விழுந்துடும்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான்.

ஃபிளாஷைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். ஸ்டாண்டு வைத்தால் கடற்காற்றில் விழுந்துவிடும். அந்த ஆள் நான்தான். அவனைத் தனியாக அந்தச் சாலைக்கு அனுப்ப எனக்குப் பயம். எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்கத் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் டிரெய்லர்கள். மறுபக்கம் கடல் அரிப்புக்குக் கொட்டிய கருங்கற்கள், பாசி பிடித்தவை. கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு பின்னால் நகர்கிறவனுக்கு எது தெரியும்? எங்கள் வீட்டு ஒட்டடைக் கம்பின் நுனியில் சைக்கிள் டியூபை வெட்டி ஃபிளாஷைக் கட்டுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி சமையலறையில் இருந்து கத்துவாள்: "என் ஒட்டடைக் கம்பு எங்க? அப்பனும் புள்ளையும் எந்தச் சூரியனுக்கு ஒட்டடை அடிக்கக் கெளம்பிட்டீங்க?"

படத்துக்குள் விழாமல் ஆளுக்கு ஐந்தடி தூரத்தில் கம்பை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை அடித்த பிறகும் ஃபிளாஷ் கொசு மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம் போட்டுக்கொண்டு மறுபடி நிரம்பும். எட்டு எண்ண வேண்டும். நான் எண்ணுவேன். நடுவில், "டேய், பின்னால லாரி" என்பேன், "கல்லு வழுக்கும்" என்பேன், "தண்ணி குடிச்சியா" என்பேன். "நைனா, ஸ்டாண்டு பேசாது" என்பான். வீட்டில் அப்பா. கேமராவைத் தூக்கினால் நைனா; எங்கள் பக்கம் அப்பாவையும் அப்படிக் கூப்பிடுவார்கள், சின்னப் பையனையும் அப்படிக் கூப்பிடுவார்கள். போகிற வருகிற மீன்காரர்கள் விடமாட்டார்கள். "இன்னா வாத்தியாரே, சூரியன் பத்தலன்னு டார்ச் அடிச்சுகினு கீற?" என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமாகவும் இருந்தது. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போவார்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் நின்றால் அந்த ஃபிளாஷ் சில சமயம் தானாக அடிக்கும். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டோம். முதல் தடவை நான் கம்பைக் கீழே போட்டுவிட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மலிவு சாமான்ப்பா. எவனோ எங்கியோ வயர்லெஸ்ல பேசினா, நம்மளத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சுக்கும்."

இப்படி ஒன்றரை வருடம் போனது. மூன்றாம் ஆண்டில் அவனுக்கு ஏழு பேப்பர் போய்விட்டது.

அவன் சொல்லவில்லை. நான்தான் பிரவுசிங் சென்டரில் போய் அவன் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். அது வெள்ளிக்கிழமை. வீட்டில் இரண்டு நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மனைவி என்னிடம், "நீங்க கத்தாதீங்க, நான் பக்குவமா கேக்குறேன்" என்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வழக்கம்போல் ஒட்டடைக் கம்பில் ஃபிளாஷைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியில் ஸ்கூட்டரில் மெதுவாகப் பேசலாம் என்று எண்ணம். ராயபுரத்தில் இருந்து திருவொற்றியூர் தாண்டுகிற வரை பேச வாய் வரவில்லை. பின்னால் கம்பைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

அன்று டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையாக நின்றன. துறைமுகத்துக்குள் போக முறை வராமல் ஓட்டுநர்கள் வண்டிக்கடியில் துணி விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் சாலையோரத்தில் ஸ்டவ்வை வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கொருக்குப்பேட்டைக்காரர். மகன் கேட்டதும் சம்மதித்தார்.

"எடு நைனா. மூணு நாளா இங்கியே கீறேன். வூடு நாலஞ்சு ஸ்டேஷன் தள்ளி கீது, போவ முடியல. என் பொண்டாட்டி போட்டோவுலயாவது பாக்கட்டும்."

கற்கள் மேல் அவரை நிறுத்தினான். சூரியன் அவர் தலைக்குப் பின்னால். நான் இடது பக்கம் கம்பை நீட்டிக்கொண்டு நின்றேன். அனல் தாரில் இருந்து எழுந்து காலைச் சுட்டது. அனல்மின் நிலையத்தின் கரித்தூள் பல்லில் நறநறத்தது. "இன்னும் மேல, நைனா. இன்னும் கொஞ்சம்" என்றான். குரலில் ஒரு குறையும் இல்லை. ஏழு பேப்பர் போனவனின் குரல் அது இல்லை. அதுதான் என்னைக் கிளறியது. எட்டு எண்ணிக்கொண்டிருந்தவன், ஐந்திலோ ஆறிலோ நிறுத்தினேன்.

"இந்தக் கம்பப் புடிச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்க எனக்கு வெக்கமா இருக்குடா" என்றேன். "ஏழு பேப்பர். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஊருக்கெல்லாம் பாடம் சொல்றவன் புள்ள நீ. உனக்கு வெளிச்சம் புடிக்க நான்தான் கெடச்சேனா? இதான் கடைசி. இனிமே நான் வரமாட்டேன்."

ஓட்டுநர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் கேமராவைக் கண்ணில் இருந்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவன் முகத்தைப் பார்த்திருப்பேன். பிறகு, "கொஞ்சம் மேல, ப்பா" என்றான். நைனா என்று சொல்லவில்லை. நான் கம்பை உயர்த்தினேன். இன்னும் நான்கு படம் எடுத்தான். நான்கு முறையும் எட்டு எண்ணினேன், வாய்க்குள்ளே.

சங்கடத்தைப் போக்க வேண்டும் என்று ஓட்டுநர்தான் சொன்னார். "ஊரு மூஞ்சியெல்லாம் புடிக்கிற, உன் மூஞ்சிய யாரு புடிப்பா? கேமராவ உங்கப்பாவாண்ட குடு. சார், கம்ப என்னாண்ட குடுங்க. நீ போய் நில்லு நைனா."

அவன் மறுக்கவில்லை. கேமராவின் பட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டு, கல்லில் போய் நின்றான். அதுவரை நான் அந்தக் கேமராவைப் பிடித்ததில்லை. எடை எதிர்பார்த்ததைவிட அதிகம். செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தபோது கட்டைவிரல் பட்டு ஒரு சக்கரம் இரண்டு மூன்று பல் நகர்ந்தது. கிடுகிடு என்று விரலுக்குத் தெரிந்தது. அது நேரத்தைக் குறைக்கிற சக்கரம் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் முறை சொல்லியிருக்கிறான். ஆனால் திருப்பி வைக்க அப்போது தோன்றவில்லை. அவன் முகத்தைப் பார்க்காமல் படம் சரியாக வர வேண்டுமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தினேன்.

வந்து பின்பக்கத் திரையில் பார்த்தான். "கோடு விழுந்துடுச்சு" என்றான்.

"இன்னொண்ணு எடுக்கட்டுமா?"

"பரவால்லப்பா."

ஒரு படத்துக்காக மீன்காரரை இருபது முறை நிறுத்தி எடுக்கிறவன் அவன். கோடு விழுந்த படத்தை வைத்துக்கொண்டு பரவாயில்லை என்று சொன்னதே கிடையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஓட்டுநர் சோறு சாப்பிடக் கூப்பிட்டார். வேண்டாம் என்று கிளம்பி வந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கல்லூரிக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அப்போது நான் பள்ளியில் மூன்றாவது பீரியடில் இருந்தேன். கேமராப் பையை எடுத்துப் போயிருந்தான். செல்போன் மேசை டிராயரில் இருந்தது. ஃபிளாஷ் ஒட்டடைக் கம்பில் கட்டியபடியே கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அதற்கான நான்கு பேட்டரிகளும் சார்ஜரில் இருந்தன. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுவான் என்று மனைவியிடம் சொன்னேன். இனி நான் வெளிச்சம் பிடிக்க வரமாட்டேன் என்பதால் விட்டுப் போயிருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை. ரோட்டில் நான் என்ன பேசினேன் என்பதையும் அப்போது சொல்லவில்லை.

படம் தேடி அவன் கம்ப்யூட்டரைத் திறந்தோம். அவன் சிநேகிதன் ஒருவன் வந்து திறந்து கொடுத்தான். மீன்காரர்கள், வலை பின்னுகிறவர்கள், ரயில்வே கூட்ஷெட் ஆட்கள், எல்லோருக்கும் மேலே அந்தக் கருத்த வானம். ஒவ்வொரு நாள் படங்களுக்கும் முன்னால் நான் இருந்தேன். ஆளை நிறுத்துவதற்கு முன் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று என்னைத்தான் எடுத்துப் பார்ப்பான். கம்பைத் திருப்பி என் முகத்துக்கு நானே பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒன்றில் கண்ணைச் சுருக்கியிருக்கிறேன். ஒன்றில் வாய் திறந்திருக்கிறது, லாரி வருகிறது என்று கத்தியிருப்பேன். எல்லாவற்றிலும் என் முகம் பளிச்சென்று தெரிகிறது. நரை முடி எண்ணலாம். மனைவி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் கையை எடுத்துவிட்டாள்.

"முழுக்க உங்க மூஞ்சிதான் இருக்கு" என்றாள். "உங்கள யாரு தேடப்போறா?"

அவனுடையது என்று இருந்தது அந்தக் கோடு விழுந்த படம் மட்டும்.

அதைத்தான் நகல் எடுத்துக்கொண்டு அலைந்தேன். சென்ட்ரல், எழும்பூர், ராயபுரம் ஸ்டேஷன், காசிமேடு. காவல் நிலையத்தில் இருந்து அழைத்து இரண்டு முறை பிணவறைக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு முறையும் வலது புருவத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. இரண்டாம் முறை வெளியே வந்து, அது அவன் இல்லை என்று மனைவிக்குப் போன் செய்ய எண்ணை அழுத்தப் போனேன். எங்கள் வீட்டு எண் மறந்துவிட்டது.

டிரெய்லர் ஓட்டுநர்களிடம் கொடுத்தால் ஊர் ஊராகப் போகும் என்று தோன்றியது. மாலையில் பள்ளி விட்டதும் எண்ணூர் சாலையில் வரிசையோடு நடப்பேன். ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் தட்டுவேன். "பாதி மூஞ்சிய வச்சு எப்டி சார் தேடுறது?" என்பார்கள். ஆனாலும் வாங்கிக்கொள்வார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தக் கொருக்குப்பேட்டை ஓட்டுநரைப் பார்த்தேன். அவருக்கு என்னைத் தெரிந்தது. படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது நான் லைட்டு புடிச்சது இல்ல?"

"ஆமா."

"எங்க போனான்?"

"தெரியல."

"தப்பா நெனச்சுக்காத வாத்தியாரே. அவன் மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்ல. கேமராதான் ஞாபகம் கீது. அத பூரா நேரமும் மூஞ்சிலதான வச்சுகினு இருந்தான்." படத்தில் இருந்து கண்ணை எடுத்தார். "உன் மூஞ்சி ஞாபகம் கீது."

படத்தை வண்டிக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினார். விசாகப்பட்டினத்தில் இருந்து ஒரு முறை போன் செய்தார், இது போல ஒரு பையனைப் பார்த்ததாக. புருவத்தில் தழும்பு இருக்கிறதா என்று கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்றார்.

எனக்கும் அப்படித்தான். கண்ணை மூடினால் அவன் முகம் வருவதில்லை. கேமராவும், அதைப் பிடித்த விரல்களும், ஒரு பக்கம் தூக்கிய முழங்கையும் வருகின்றன. ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவனோடு போனேன். நான் பார்த்தது லாரியை, கல்லை, அலையை. அவனைப் பார்க்கவில்லை.

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல், பேட்டரிகளைப் போட்டுக் கம்பை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். ஃபிளாஷுக்கும் அதன் அடியில் இருக்கிற பெட்டிக்கும் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தேன். நிரம்புகிற சத்தம் கேட்டது. எட்டு எண்ணினேன். பிறகு சும்மா நின்றேன்.

அது அடித்தது.

நான் மூன்று மாடிப் படியையும் இறங்கித் தெருவுக்கு ஓடினேன். செருப்பு போடவில்லை. பெட்டியின் ஜோடி அவன் கேமராவில் இருக்கிறது. முப்பது மீட்டருக்குள் அவன் வந்து பட்டனை அழுத்தினால் இது அடிக்கும். தெருவில் ஒரு போலீஸ் ஜீப் நின்றிருந்தது. உள்ளே யாரோ வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார்கள். முனையில் இருக்கிற பால் பூத் வரை ஓடிப் பார்த்தேன். பால் பூத்துக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னா சார்?" என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தேன். திரும்பும்போது அடி எண்ணிப் பார்த்தேன். வீட்டில் இருந்து பால் பூத் வரை கிட்டத்தட்ட முப்பது மீட்டர்தான்.

அன்று மாலைதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரோட்டில் பேசியது, வெட்கமாக இருக்கிறது என்றது, ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, சார்ஜரில் இருந்து நான்கு பேட்டரிகளையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இத எப்படிப் போடணும், சொல்லிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அவன் போய்ப் பத்து மாதமாகிறது. ஃபிளாஷ் இப்போது எங்கள் முன்னறை ஜன்னலில் தெருவைப் பார்த்து நிற்கிறது, ஒட்டடைக் கம்போடு. வீட்டுக்கு வேறு ஒட்டடைக் கம்பு வாங்கிவிட்டோம். அது மலிவுச் சாமான் என்பதும், துறைமுகத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டால் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்ளும் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அறிவியல் வாத்தியார். ஆனாலும் அது அடிக்கும்போது வீட்டில் இருப்பவர் ஜன்னலுக்குப் போகிறோம். நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அவள் போகிறாள். சில நாள் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழேயும் இறங்கிப் பார்க்கிறாள் என்று பால் பூத்துக்காரர் சொன்னார்.

நேற்று சாயங்காலம் வந்து பையை வைத்துவிட்டு, "இன்னிக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாட்டி" என்றாள். ஃபிளாஷின் மூடியைத் திறந்து பேட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சூடு ஆறட்டும் என்று புடவை முந்தானையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவற்றைச் சார்ஜரில் போட்டாள்.